நாற்பத்தொரு பேரில் ஒன்பது பேர்

அன்புள்ள வாண்டுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் நன்றாகத்தான் இருக்கிறோம், மனசுதான் பத்து நாளாகச் சரியில்லை, காரணத்தைக் கீழே சொல்கிறேன். நீ நலமா என்று உன்னைக் கேட்டால் நலம் என்றுதான் எழுதுவாய், அதனால் கேட்கவில்லை, நானே திரையில் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன், போன ஞாயிறு கன்னம் ஒட்டியிருந்தது, வெளிச்சம் சரியில்லை என்று சமாளிக்காதே. இப்போது இரண்டு வேண்டுகோள். ஒன்று, இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி, கையில் சூடாக எதுவும் வைத்துக்கொள்ளாதே. இன்னொன்று, நடனப் பள்ளி வேலையை விடுகிறேன் என்று ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறாயே, முப்பதாம் தேதி கொடுக்கப்போகிறேன் என்றாயே, இதைப் படித்து முடிக்கும் வரைக்கும் அது உன் பைக்குள்ளேயே கிடக்கட்டும்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். அதற்காகவே இரண்டு தரம் கூப்பிட்டேன். முதல் தரம் வாய் வரைக்கும் வந்துவிட்டது, கடைசி நிமிடத்தில் கம்பளியை வெயிலில் போடு, மூட்டைப்பூச்சி வரும் என்று ஆரம்பித்து இருபது நிமிடம் பேசிவிட்டு வைத்துவிட்டேன். இரண்டாம் தரம் மாமாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தப்பித்தேன். மாமா இப்போது நன்றாகவே நடக்கிறார், கைத்தடியைத் தரையில் ஊன்றுவதில்லை, எதிரில் இருப்பவரின் மூக்குக்கு நேராக ஆட்டிப் பேசத்தான் வைத்திருக்கிறார். குளியலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது. குழாய்க்காரர் வந்து அதை வெகுநேரம் பார்த்து, தலையை ஆட்டிவிட்டுப் போனார், தலையாட்டியதற்கும் கூலி கேட்பாரோ என்னவோ. பார், இப்போதும் குழாய்க்குப் போய்விட்டேன். உன் அப்பா எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, விஷயத்துக்கு வா, விஷயத்துக்கு வா என்று விரலால் மேஜையைத் தட்டுகிறார்.

விஷயம் இதுதான். எட்டு மாதத்துக்கு முன்னால் நீ ஞாயிறு விட்டு ஞாயிறு உன் அறையிலிருந்தே இணையத்தில் பியானோ வாசிக்கப்போகிறேன் என்றாய். டிக்கெட் கிடையாது, கேட்கிறவர்கள் மனசுக்குத் தோன்றியதைக் கொடுக்கலாம், கொடுக்கும்போது ஒரு பெயரும் ஒரு வரியும் எழுதலாம், அந்த வரி எல்லோருக்கும் தெரியும், கடைசியில் பெயர்கள் திரையில் வரிசையாக ஏறிப் போகும் என்றாய். முதல் ஞாயிறு நாங்கள் இரண்டு பேரும் குளித்து உடை மாற்றி, அப்பா கழுத்துப் பொத்தானைக்கூடப் போட்டுக்கொண்டு, பழைய கணினியின் முன்னால் பதினொரு மணிக்கே ஆஜர். மூலையில் ஏழு பேர் என்று காட்டியது, அதில் ஒன்று நாங்கள். நீ வாசித்து நிறுத்தினாய், கையை மடியில் வைத்தாய், ஒரே அமைதி. ஐயோ பாவம், ஒருத்தரும் கை தட்டவில்லையே என்று பதறிப்போய் அம்மா என்ற பெயரில் கைதட்டுகிற பொம்மைகளாகப் பன்னிரண்டு அனுப்பினேன். பார்த்தால் நீ மறுபடி வாசிக்கத் தொடங்குகிறாய். மூன்று முறை இப்படியே நடந்தது, மூன்று முறையும் பன்னிரண்டு.

அன்றைக்கே நீ கூப்பிட்டாய். அம்மா, அது ஒரே பாட்டு, நாலு பகுதி, நடுவுல கை தட்டக்கூடாது, நாலும் முடிஞ்சப்புறம்தான் தட்டணும், எல்லாரும் பாக்கறாங்க, நீ பேசாம கேட்டாலே போதும்மா என்றாய். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். ஆனால் பேசாமல் கேள் என்பது எனக்கு என்ன தண்டனை என்று யோசித்தாயா? இருபத்தொன்பது வருடம் ஆஸ்பத்திரி விசாரணை மேஜையில் உட்கார்ந்து வாயாலேயே பிழைத்தவள் நான். சரி, மகள் சொல்லிவிட்டாள் என்று அடுத்த தடவை இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அன்றைக்கு ஒன்பது பேர். நீ ஒவ்வொரு பாட்டையும் முடித்ததும் உன் கண் அந்த எண்ணுக்குப் போய்விட்டு வந்தது. அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரத்தில், தன்னைப் பார்க்க யாராவது வருகிறார்களா என்று கதவைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பார்களே, அந்தப் பார்வை. எனக்குப் பொறுக்கவில்லை. சமையலறைக்குப் போய் என் போனை எடுத்து, ஒரு சிறு தொகை போட்டு, ஜன்னலோரம் என்று ஒரு பெயரும் போட்டு, உங்கள் வாசிப்பைக் கேட்டுக்கொண்டே மழையைப் பார்த்தேன் என்று எழுதினேன். இங்கே மழையே இல்லை, வெயில் மண்டையைப் பிளந்தது. நீ அதை வாசித்துவிட்டு முகமெல்லாம் பல்லாகச் சிரித்தாய். அவ்வளவுதான், நான் கெட்டுப்போனேன்.

ஆமாம், ஜன்னலோரம் நான்தான். இன்னும் உட்கார்ந்துதானே இருக்கிறாய்? இரட்டைப் பிள்ளைக்காரியும் நான்தான். பாதிப் பாட்டுதான் கேட்க முடிந்தது, மீதிப் பாதியில் ஒருத்தன் மற்றவனைக் கடித்துவிட்டான் என்று எழுதுவாளே, அவளை நினைத்து நீ எத்தனை உருகினாய். எப்போதும் தாமதமாக வந்து மன்னிப்புக் கேட்கிறவரும் நான்தான். ரயில் ஓட்டுநரும் நான்தான். இவர்களையெல்லாம் உண்டாக்க எனக்குக் கொஞ்சமும் சிரமமில்லை, அந்த விசாரணை மேஜைக்கு வராத ஆள் உண்டா, யார் எப்படிப் பேசுவார்கள் என்பது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. நீ ஒரு நாள், எல்லாரும் சும்மா புகழ்றாங்கம்மா, உண்மையாக் கேக்கற ஆள் ஒருத்தர்கூட இல்ல என்று குறைப்பட்டாய் பார், அன்றைக்குத்தான் பல் வைத்தியர் பிறந்தார்.

பல் வைத்தியரைப் பற்றித் தனியாகச் சொல்லித்தான் ஆக வேண்டும். கறாரான ஆள், வாயைத் திறந்தால் குறை. எனக்கு இசையில் என்ன தெரியும், சொல்லு. உன் இடது தோள் ஒரு இடத்தில் காதுவரைக்கும் ஏறியதைப் பார்த்தேன், சின்ன வயதில் பள்ளிக்கூடப் பையைத் தூக்கும்போதும் உனக்கு அப்படித்தான் ஏறும். அதை வைத்துக்கொண்டு, இரண்டாவது பகுதியில் இடது கை தேவைக்கு மேல் கனமாக இருக்கிறது என்று ஒரு போடு போட்டேன். நீ என்ன செய்தாய்? இரண்டு வாரம் இடது கைக்கு மட்டும் தனியாகப் பயிற்சி செய்தாய். அடுத்த ஞாயிறு எல்லோர் முன்னாலும், பல் வைத்தியர் சொன்னது சரிதான், மாத்திட்டேன், இப்பக் கேளுங்க என்று வாசித்தாய். எனக்கு ஒரு பக்கம் பெருமையில் தலை கால் புரியவில்லை, இன்னொரு பக்கம் பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்று இருந்தது. ஆனால் ஒன்று சொல்லவேண்டும், மாற்றிய பிறகு நன்றாகத்தான் இருந்தது.

இத்தனையும் உன் அப்பாவுக்குத் தெரியாமல்தான் நடந்தது. உன் அப்பா எப்படிப்பட்டவர் என்று உனக்குத் தெரியும். முப்பத்துநாலு வருடம் கடை கடையாகப் போய் எடைக்கல்லைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்து முத்திரை குத்தியவர், தெருவில் இன்னும் முத்திரைக்காரர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். என் தம்பி கடைத் தராசின் முள் ஒரு மயிரிழை சாய்ந்திருந்தது என்று அவனோடு நாலு மாதம் பேசாதவர். வங்கிக் கணக்கு இரண்டு பேருக்கும் பொதுவானது, பணம் போனால் செய்தி அவர் போனுக்கு வரும் என்பதை நான் சுத்தமாக மறந்தே போனேன். ஒரு நாள் அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வந்து, ஒரே ஞாயித்துக்கிழமை, ஒரே மணி நேரம், உன் பொண்ணுக்கு அஞ்சு தடவை பணம் போயிருக்கு, என்ன விஷயம் என்றார். விசாரணை மேஜையில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ சமாளித்தவள், அவர் முன்னால் ஒரு பொய்யும் வரவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் முகம் சிவந்துபோயிற்று. தராசுத் தட்டுக்கு அடியில மெழுகு ஒட்டி விக்கறவனுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம், அதுவும் பெத்த பொண்ணு தராசுல என்று கத்திவிட்டு, இரண்டு நாள் என்னோடு பேச்சே இல்லை. குழாய் சொட்டுகிற சத்தம்தான் வீட்டில் பேச்சு.

அடுத்த ஞாயிறு அவர் கணினி முன்னால் உட்காரவே இல்லை. எனக்கு நகம் வெட்டணும் என்று படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் சமையலறையில் போனும் கையுமாக, பழக்கதோஷத்தில் பல் வைத்தியராக இடது கையைப் பற்றி ஏதோ சொல்லிவைத்தேன். உடனே ஒரு புது ஆள் வந்தார். ஓய்வுபெற்ற மாலுமி. அவர் எழுதியதை நீ பத்திரப்படுத்தி வைத்திருப்பாய், எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. (அ) இடது கை கனமாக இல்லை. (ஆ) கனமாக இருந்தாலும் அது தேவையான கனமே. (இ) மேற்படி பல் வைத்தியர் தம் கருத்தை மறுபரிசீலனை செய்வது நலம். வாண்டு, கப்பலில் வேலை பார்த்த எவராவது அ ஆ இ போட்டு எழுதுவாரா? மேற்படி என்பாரா? எனக்கு அடுப்பங்கரையில் நின்றபடியே புரிந்துவிட்டது. புரிந்த பிறகு சும்மா இருந்திருக்கலாம், நான் எங்கே சும்மா இருப்பேன். கடல் இரைச்சலில் காது போனவர்களுக்கு இந்த நுணுக்கமெல்லாம் எட்டாது என்று ஒன்று போட்டேன். படுக்கையறைக்குள்ளிருந்து நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவரிடமிருந்து (உ) வரைக்கும் பதில் வந்தது.

நீ இங்கே நடப்பது தெரியாமல், இன்னைக்கு நேயர்களுக்குள்ள சண்டையே நடக்குது, எனக்கு எவ்வளவு பெருமையா இருக்கு தெரியுமா என்று கண் பளபளக்கச் சொன்னாய். நீ முடித்ததும் உன் அப்பா தண்ணீர் குடிக்க வருகிற மாதிரி வந்தார், வந்தவருக்கு ஆத்திரம் அடங்கவில்லை, பல்லைப் புடுங்கறவனுக்கு வாயைப் பத்தித் தெரிஞ்சாப் போதும், கையைப் பத்தி என்ன பேச்சு என்றார். அந்த வைத்தியர் நான்தான் என்று அவருக்கு உறைக்கவே இல்லை, ஐந்து தடவை பணம் போனதைத்தான் பார்த்தாரே தவிர, பெயர்களை நான் சொன்னபோது கோபத்தில் காதிலேயே வாங்கவில்லை. நான் வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே, ஏன், கப்பல்ல இருந்தவருக்கு மட்டும் ரொம்பத் தெரியுமோ என்று கேட்டேன். தண்ணீர் டம்ளர் பாதி வழியில் நின்றது. பிறகு அவர் சிரிக்க ஆரம்பித்தார், கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், எனக்கு வெங்காயமா சிரிப்பா என்று தெரியாமல் கண்ணில் தண்ணீர். அவ அந்த எண்ணைப் பாக்கறதை என்னாலயும் தாங்க முடியல என்று மட்டும் கடைசியில் சொன்னார்.

அன்றிலிருந்து கூட்டுக் களவு. உன் அப்பா எதைச் செய்தாலும் ஒழுங்காகச் செய்கிறவர் ஆயிற்றே, ஒரு நோட்டுப் போட்டு யார் யாருக்கு என்ன வயது, என்ன வேலை, யார் போன தடவை என்ன எழுதினார் என்று பதிவு செய்தார். இரட்டையர்களுக்கு ஒரு மாதம் மூன்று வயது என்றும் அடுத்த மாதம் ஐந்து வயது என்றும் நான் எழுதியதைப் பிடித்துவிட்டு, பொய்யிலயாவது ஒரு நேர்மை வேணாமா என்று என்னைக் கடிந்துகொண்டார். காலையில் தேநீர் குடிக்கும்போதே அன்றைக்கு யார் என்ன சொல்வது என்று முடிவாகிவிடும். அவருக்கு மூன்று பேர், எனக்கு ஆறு பேர். உனக்கு உள்ளதைச் சொல்கிறேன், இந்தச் சில மாதம் போல நாங்கள் இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் இவ்வளவு பேசியதே இல்லை.

அப்புறம்தான் உன் செய்தி வந்தது. அம்மா, நாப்பத்தொரு பேர் விடாம வர்றாங்க, நான் எண்ணிப் பார்த்தேன், பல் வைத்தியர் மாதிரி ஒரு காது கேட்டுக்கிட்டிருக்கறப்போ நான் எதுக்கு இன்னும் குழந்தைங்க காலைத் தூக்கறதுக்கும் இறக்கறதுக்கும் வாசிச்சுக்கிட்டிருக்கணும், மாசக் கடைசியோட வேலையை விடறேன், முழுக்க இதுலயே இறங்கப்போறேன் என்று எழுதியிருந்தாய். அந்தக் காது என்னுடையது வாண்டு. என் இரண்டு காதில் ஒன்று ஆறு மாதமாக அடைத்துக்கிடக்கிறது, சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருக்கிறேன். அப்பா உன் செய்தியை மூன்று தரம் படித்தார். காலை எட்டிலிருந்து நாலு மணி வரைக்கும் அந்தக் கண்ணாடிச் சுவர் அறையில் ஒரே பதினாறு தாளத் தட்டுகளை நீ வாசிப்பதும், மறுபடியும் என்று நீ பெயர் வைத்திருக்கும் அந்தத் தலைமையாசிரியை பியானோ மூடியைத் தட்டி மறுபடியும் மறுபடியும் என்பதும் எங்களுக்குத் தெரியாததா. விடவேண்டிய வேலைதான். ஆனால் போனவர்களை அந்த அம்மாள் திரும்பச் சேர்த்துக்கொள்வதில்லை என்றும் நீதானே சொன்னாய். நீ கால் வைக்கப்போகிற பலகையில் ஒன்பது ஆணி நாங்கள் வரைந்த ஆணி.

உன் அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை. நோட்டை எடுத்துவந்து, கள்ளக் கல்லெல்லாம் எடுத்துட்டுத் திரும்ப நிறுத்தாகணும் என்றார். நாற்பத்தொன்றில் எங்கள் ஒன்பதும் போனால் முப்பத்திரண்டு. அதிலும் நான் கழுத்தைப் பிடித்துச் சேர்த்தவர்கள் உண்டு, மாமா, மருந்துக்கடைக்காரர், மாடி வீட்டு ஆசிரியை, அவள் தங்கை என்று ஆறு பேர், அவர்களும் போனால் இருபத்தாறு. அந்த இருபத்தாறும் நிஜமா, இல்லை நாங்கள் உண்டாக்கிய கலகலப்பைப் பார்த்து வேடிக்கைக்கு வந்த கூட்டமா என்று அப்பாவுக்குச் சந்தேகம். அதனால் போன ஞாயிறு எங்கள் ஒன்பது பேரில் ஒருவரும் வரக்கூடாது, அந்த ஆறு பேரும் வரக்கூடாது, நாங்கள் வாய் திறக்காமல் கணினியில் பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பது என்று முடிவு செய்தோம். மாமாவிடம் சொன்னபோது, அப்போ இந்த ஞாயிறு எனக்கு லீவா என்று அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நீ பார்க்காததே நல்லது. அப்பா இரண்டு போனையும் எடுத்து அலமாரி உச்சியில், என் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தார்.

இனி நான் சொல்வதைக் கவனமாகப் படி, ஏனென்றால் இது நீ பார்த்திராதது. நீ தொடங்கியபோது மூலையில் இருபத்துநாலு. எங்களைக் கழித்தால் இருபத்துமூன்று. முதல் பாட்டு முடிந்தது, தெரிந்த பெயர் ஒன்றும் வரவில்லை, உன் முகம் சுருங்கியதைப் பார்த்தேன், அதன் பிறகு அலமாரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நூலகத்தில் வேலை பார்க்கிறேன் என்று எழுதுவாரே ஒருவர், அவர், பல் வைத்தியரைக் காணோமே, உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டார். அதற்கு இன்னொருவர், அவர் இல்லாதது இடது கைக்கு நிம்மதி என்று எழுதினார். உன் அப்பா என்னைப் பார்த்து நமுட்டுச் சிரிப்புச் சிரித்தார், எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. பிறகு நீ அந்த மெதுவான பகுதியைத் தொடங்கினாய். நடுவில் உன் பக்கம் இணைப்பு அறுந்துபோயிற்று. எங்கள் திரையில் நீ அப்படியே உறைந்துவிட்டாய், ஒரு கண் பாதி மூடி, வாய் கோணி, சத்தமே இல்லை.

உன் பக்கம் திரை இருண்டுபோயிருக்கும், உனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. திரும்பி வந்ததும் நீ சொன்னாய், எல்லாரும் போயிருப்பீங்க, பரவாயில்ல, இருக்கறவங்களுக்கு இன்னும் ரெண்டு சின்னப் பாட்டு வாசிக்கிறேன் என்று. ஒப்புக்கு வாசித்தாய், பெயர்களைக்கூட ஓடவிடாமல் மூடிவிட்டாய். ஆனால் யாரும் போகவில்லை வாண்டு. உன் அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கெடுத்தார், ஏழு நிமிடம் நாற்பது நொடி. ஏழு நிமிடம் நாற்பது நொடியும் அந்த எண் அப்படியே நின்றது. ஒரே ஒரு தரம் ஒன்று குறைந்தது, எனக்கு உயிரே போய்விட்டது, அடுத்த நிமிடமே திரும்ப ஏறியது, யாரோ அணைத்துவிட்டுப் போட்டிருக்கிறார்கள். யாரும் ஒரு வரி எழுதவில்லை, யாரும் எங்கே போனாள் என்று கேட்கவில்லை. கோணல் வாயோடு நிற்கிற ஒரு படத்தின் முன்னால், ஒரு சத்தமும் இல்லாமல், எங்கெங்கோ வீடுகளில் இருபத்துமூன்று பேர் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவரையும் எங்களுக்குத் தெரியாது. ஒருவருக்கும் நான் காபி போட்டுக் கொடுத்ததில்லை, ஒருவரையும் கெஞ்சியதில்லை. உன் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இது சரியான எடை, இதுக்கு நான் முத்திரை குத்துவேன் என்றார். ஓய்வுபெற்று ஒன்பது வருடம் கழித்து அவர் குத்திய முதல் முத்திரை.

ஆக, நாற்பத்தொன்று இல்லை, இருபத்துமூன்று. அதை வைத்துக்கொண்டு அறை வாடகை கட்ட முடியுமா, வேலையை விடலாமா என்று எனக்குத் தெரியாது. விடாதே என்று நாக்கு நுனி வரைக்கும் வருகிறது, விடு என்றும் வருகிறது, இரண்டையும் விழுங்கிவிட்டேன். அரை நாள் வேலையாக மாற்றித் தருவார்களா என்று கேட்டுப் பார்க்கலாமே என்பது மட்டும் அப்பாவின் யோசனை, பிடித்தால் எடுத்துக்கொள். முடிவு உன்னுடையது, ஆனால் சரியான கல்லை வைத்து நிறுத்துப் பார்த்து முடிவு செய். எங்கள் ஒன்பது பேரை என்ன செய்வது என்பது இன்னொரு தலைவலி. மாலுமியை மறுபடி கடலுக்கு அனுப்பிவிடலாம் என்கிறார் அப்பா. பல் வைத்தியரைக் கொல்ல எனக்கு மனசு வரவில்லை, வெளிநாட்டுக்கு மாற்றலாகிப் போய்விட்டார் என்று நீயே சொல்லிவிடு, நூலகக்காரர் பாவம் கவலைப்படுகிறார்.

எங்கள் மேல் உனக்குக் கோபம் வரும், வரட்டும், வரவேண்டியதுதான். அழுகைகூட வரலாம். ஆனால் ஒன்றை நான் சொல்லியே ஆகவேண்டும். போன ஞாயிறு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கே உறைத்தது. ஆறு பேராக நின்று உன்னை அத்தனை புகழ்ந்திருக்கிறேன், உன் அப்பா மூன்று பேராக நின்று உனக்காகச் சண்டை போட்டிருக்கிறார், ஆனால் பெற்றவளாக ஒரு வார்த்தை உன்னிடம் நல்லது சொன்னதில்லை. பியானோதான் படிப்பேன் என்று நீ பிடிவாதம் பிடித்த அன்றைக்கு, இதை யாரு உக்காந்து கேப்பாங்க என்று கேட்டவள் நான். அந்தக் கேள்விக்குப் பதில் இருபத்துமூன்று என்று போன ஞாயிறு என் கண்ணால் பார்த்தேன். நீ நன்றாக வாசிக்கிறாய். அந்த மெதுவான பகுதியைக் கேட்கும்போது எனக்கு எங்கே வலிக்கிறது என்று எனக்கே தெரியவில்லை, ஆனால் வலி குறைகிறது. இதைச் சொல்வது ஜன்னலோரமும் இல்லை, வைத்தியரும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, எங்கள் இரண்டு பேருடைய ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு, நீ எந்த முடிவு எடுத்தாலும் உண்டு. முப்பதாம் தேதிக்கு முன்னால் பதில் எழுது. திட்டுவதென்றால் என்னை மட்டும் திட்டு, அப்பாவுக்கு ரத்த அழுத்தம். அவரும் ஒரு வரி எழுதப்போகிறேன் என்று பேனாவைப் பிடுங்கினார், (அ) என்று போட்டுவிட்டு வெகுநேரம் யோசித்தார், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடமே கொடுத்துவிட்டார்.

இப்படிக்கு,
ஒரே ஒரு ஆளான
உன் அம்மா